இரண்டே நாள் கையில்: கொல்கத்தாவா, மும்பையா, ஹைதராபாத்தா?

சனி, ஞாயிறு விடுமுறையில் சென்னையிலிருந்து கிளம்பி ஒரு பெருநகரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும். உடன் வருபவர்கள் எழுபதை நெருங்கும் அம்மாவும் எட்டாம் வகுப்பு படிக்கும் மகனும். வீட்டில் மூன்று ஊர்களைப் பற்றிப் பேச்சு நடந்தது. மகனுக்கு மும்பை ஆசை, அம்மாவுக்குக் கொல்கத்தாவின் தட்சிணேஸ்வரம் காளி கோயில், செலவுக் கணக்குப் பார்த்தால் ஹைதராபாத். கடைசியில் கொல்கத்தாவுக்குப் போனோம். யாராவது கேட்டால் இன்றும் அதையே சொல்வேன்.

இந்த மூன்று ஊர்களை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் எந்த ஊரில் பார்க்க அதிக இடங்கள் இருக்கின்றன என்று எண்ணுகிறார்கள். இரண்டு நாள் பயணத்தில் அந்த எண்ணிக்கையால் ஒரு பயனும் இல்லை. எந்த ஊரிலும் நம்மால் பார்த்து முடிக்கக் கூடியவை ஏழெட்டு இடங்கள்தாம். ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போவதற்குள் எவ்வளவு நேரம் கரைகிறது, போய்ச் சேரும்போது வயதானவர்களுக்கு நடக்கத் தெம்பு மிச்சம் இருக்கிறதா என்பவைதாம் கேள்விகள். ஊருக்குள் நடக்கும் இந்த அலைச்சலை வைத்தே மூன்றையும் எடை போட்டேன். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஹைதராபாத்துக்கு முதல் சாதகம் ரயில். வெள்ளி மாலை ஏறினால் சனி காலையில் இறங்கிவிடலாம். விமானக் கட்டணம் மிச்சம், ஒரு இரவு அறை வாடகையும் மிச்சம். தெலுங்கு பேசாதவர்கள்கூட அந்த ஊரில் சமாளித்துவிடலாம். பழைய நகரப் பகுதி அருமையானது. 1591இல் எழுந்த சார்மினார், அதையொட்டியே மெக்கா மசூதி, நடந்தே போகும் தூரத்தில் சௌமகல்லா அரண்மனை, மூசி நதிக்கரையில் சாலார் ஜங் அருங்காட்சியகம் என்று ஒரு நாள் முழுவதும் அங்கேயே கழிக்கலாம். அந்த அருங்காட்சியகத்தில், பளிங்கில் முகத்திரை போர்த்திய ரெபேக்கா சிலையை நேரில் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

சிக்கல் இரண்டாம் நாளில் வருகிறது. கோல்கொண்டா கோட்டை அங்கிருந்து மேற்கே பத்து கிலோமீட்டருக்கு மேல். மெட்ரோ ரயில் சார்மினாருக்கும் போவதில்லை, கோல்கொண்டாவுக்கும் போவதில்லை. ஆட்டோ அல்லது வாடகைக் கார்தான். கோட்டை உச்சிக்கு முந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். அம்மாவைக் கீழே உட்காரவைத்துவிட்டு நாங்கள் மட்டும் ஏறிப் போக எனக்கு மனமில்லை. பிள்ளைகள் கேட்கும் ராமோஜி பிலிம் சிட்டி ஊருக்கு வெளியே, வேறு திசையில் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். சம்ஷாபாத் பக்கம் 2022இல் திறக்கப்பட்ட 216 அடி உயர ராமானுஜர் சிலை விமான நிலையத்துக்கு அருகில் இருப்பதால், விமானத்தில் போகிறவர்கள் வரும் வழியிலோ திரும்பும் வழியிலோ பார்த்துக்கொள்ளலாம். ரயிலில் போகிறவர்களுக்கு அதுவும் தனிப் பயணம்தான். ஆக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலையில்.

மும்பையைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். அந்த ஊரின் தென்முனை மட்டும் எடுத்துக்கொண்டால் கொல்கத்தாவுக்கு அது சளைத்ததே இல்லை. 1887இல் கட்டி முடிக்கப்பட்ட சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் நிலையத்திலிருந்து ஃப்ளோரா ஃபவுன்டன், காலா கோடா, அருங்காட்சியகம், இந்தியா கேட்வே என்று ஒரே தெற்கு நோக்கிய நடை. மாலையில் மரைன் டிரைவ். கடற்காற்று வாங்கிக்கொண்டு உட்கார அதைவிட நல்ல இடம் இந்தியாவின் வேறெந்தப் பெருநகரத்திலும் எனக்குத் தெரியாது. எலிபண்டா குகையில் சுமார் ஆறு மீட்டர் உயரத்தில் நிற்கும் சதாசிவத்தின் முன் நிற்பதற்காகவே ஒருவர் மும்பைக்குப் போகலாம். ஆனால் படகில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், மேலே ஏற நூற்றுச் சொச்சம் படிகள். முடியாதவர்களுக்கு டோலி கிடைக்கும். எப்படிப் பார்த்தாலும் அரை நாள் அதற்கே போய்விடும்.

என்னைத் தடுத்தது தங்குமிடம். கொலாபா, ஃபோர்ட் பகுதிகளில் மூவருக்குச் சுமாரான அறை கேட்டாலே வாடகை கண்ணைக் கட்டுகிறது. கட்டுப்படியாகும் அறைகள் அந்தேரிக்கும் அதற்கு அப்பாலும்தான் கிடைக்கின்றன. முன்பு ஒருமுறை தாணேயில் உறவினர் வீட்டில் தங்கிக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறேன். தெற்கே வந்து சேரவே ஒரு மணி நேரம் ஆகும். போதாததற்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்புக்காகப் பகல் நேரத்தில் புறநகர் ரயில்களைக் குறைத்தும் தடம் மாற்றியும் விடுவார்கள். அங்குள்ளவர்கள் மெகா பிளாக் என்று சொல்வது இதைத்தான். நமக்குக் கிடைப்பதே ஒரு ஞாயிறு, அதிலும் பகல் பொழுது இப்படியென்றால் கணக்கு உதைக்கிறது. 2025 அக்டோபரில் மூன்றாம் மெட்ரோ தடம் ஆரேயிலிருந்து கஃப் பரேடு வரை முழுமையாகத் திறந்துவிட்டது, விமான நிலையத்தையும் தொட்டுச் செல்கிறது. அதன் பிறகு நான் மும்பையில் தங்கியதில்லை. அந்தத் தடத்தையொட்டி வடக்கே அறை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறக்கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இனிக் கொல்கத்தா. இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984இல் ஓடத் தொடங்கியது இங்கேதான். அந்தப் பழைய தடம், இப்போது நீலத் தடம் என்கிறார்கள், ஊரை வடக்கிலிருந்து தெற்காக நெடுக ஊடறுத்துப் போகிறது. பார்க்க வேண்டிய இடங்களில் பெரும்பாலானவை அந்த ஒரே தடத்தில் மாலையில் கோத்த பூக்களைப்போல் வரிசையாக இருக்கின்றன. வடகோடியில் தட்சிணேஸ்வரம். ஷோபாபஜாரில் இறங்கினால் மண் பிரதிமைகள் செய்யும் குமார்டுலி. கிரீஷ் பார்க்கில் இறங்கினால் தாகூர் பிறந்த ஜோராசாங்கோ வீடு. மகாத்மா காந்தி சாலை நிலையத்திலிருந்து புத்தகக் கடைகளின் காலேஜ் ஸ்ட்ரீட். பார்க் ஸ்ட்ரீட்டில் இந்தியன் மியூசியம். மைதான் அல்லது ரவீந்திர சதன் நிலையத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் விக்டோரியா நினைவிடம். இன்னும் தெற்கே காளிகாட். கட்டணம் ஐந்து ரூபாயிலிருந்து தொடங்குகிறது. காலையில் எங்கே இறங்குவது என்பதை மட்டும் முடிவு செய்தால் போதும், எப்படிப் போவது என்ற பேச்சே எழவில்லை.

பார்க் ஸ்ட்ரீட், எஸ்பிளனேடு பக்கத்தில் அறை எடுத்தால் இந்தத் தடத்தின் நடுவில் இருப்பீர்கள். மும்பையின் ஃபோர்ட் பகுதியில் கேட்கும் வாடகையோடு ஒப்பிட்டால் இங்கே நல்ல அறையே கிடைத்துவிடுகிறது. விமான நிலையத்திலிருந்தும் 2025 ஆகஸ்டிலிருந்து மெட்ரோ உண்டு. நோவாபாராவில் நீலத் தடத்துக்கு மாறிக்கொள்ளலாம். வெள்ளி இரவு வெகுநேரம் கழித்து இறங்குகிறவர்கள் மட்டும் டாக்சி பிடிக்க வேண்டியிருக்கும்.

நாள்களை அடுக்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஞாயிறன்று மெட்ரோ காலை ஒன்பது மணி வாக்கில்தான் ஓடத் தொடங்கும். தட்சிணேஸ்வரமும், ராமகிருஷ்ண மடத்தின் தலைமையிடமான பேலூர் மடமும் நண்பகலில் மூடிவிடும், பேலூர் மடம் அதற்குச் சற்று முன்பே மூடும். ஆகவே அந்த இரண்டையும் சனிக்கிழமைக்கு வைத்துவிட வேண்டும். காலையிலேயே மெட்ரோவில் தட்சிணேஸ்வரம். நிலையத்திலிருந்து கோயில் வரை ஆகாய நடைபாதை இருப்பதால் போக்குவரத்துக்கு நடுவே அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் வேலை இல்லை. ராணி ராஸ்மணி 1855இல் எழுப்பிய ஒன்பது கோபுரக் கோயில், ஆற்றங்கரையை ஒட்டிப் பன்னிரண்டு சிவன் சன்னிதிகள், ராமகிருஷ்ணரின் துணைவியார் சாரதா தேவியார் வாழ்ந்த, நகபத் எனப்படும் இசை மண்டபத்தின் சின்னஞ்சிறு அறை. அந்த அறையின் வாசலில் அம்மா நெடுநேரம் நின்றார். அங்கிருந்தே பேலூருக்குப் படகு இருக்கிறது. கங்கையின் மேல் (இங்கே அதை ஹூக்ளி என்கிறார்கள்) அந்தச் சிறு பயணத்துக்கு இணையாக மற்ற இரண்டு ஊர்களிலும் ஒன்றுமில்லை என்பேன். போக்குவரத்துக்குச் செலவாக வேண்டிய நேரமே இங்கே காட்சியாகிவிடுகிறது.

பேலூரிலிருந்து பஸ்ஸில் ஹவுரா. அங்கிருந்து ஊருக்குள் வர இரண்டு வழி: மேலே ஆற்றைக் கடக்கும் ஃபெர்ரி, கீழே ஆற்றுக்கு அடியில் ஓடும் மெட்ரோ. 2024 மார்ச்சில் திறந்த அந்தத் தடத்தில் ஆற்றைக் கடக்கும் நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை. சுரங்கச் சுவரில் நீல வெளிச்சம் தெரியும்போது தலைக்கு மேல் ஹூக்ளி ஓடுகிறது என்று அர்த்தம். மும்பை வேண்டும் என்று அடம்பிடித்த மகனுக்கு முகம் மலர்ந்தது அங்கேதான். பிற்பகலில் இந்தியன் மியூசியம். 1814இல் தொடங்கிய, நாட்டிலேயே பழமையான அருங்காட்சியகம். மகன் எகிப்திய மம்மியைத் தேடி ஓடினான்; நான் பர்ஹுத் என்ற பழைய பௌத்தத் தூபியின் கற்கிராதிகளின் முன்னால் நின்றேன். புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகள், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையவை, செந்நிறக் கல்லில், அவ்வளவு அருகில். காலேஜ் ஸ்ட்ரீட் போக நினைப்பவர்கள் அதையும் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள், ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

ஞாயிறு விடியலில் டாக்சி பிடித்து மல்லிக் காட் பூச்சந்தை. செவ்வந்தி மாலைகள் மலையாகக் குவிந்திருக்க, தலைக்கு மேலே 1943இல் திறந்த ஹவுரா பாலம். ஆணி, மரை இல்லாமல் முழுவதும் ரிவெட் அடித்தே இணைத்த இரும்பு. கூட்டமும் சேறும் இருக்கும். வயதானவர்களைப் பாலத்தின் நடைபாதையிலேயே நிறுத்திவைத்து மேலிருந்து காட்டுவது நல்லது. பிறகு மெட்ரோ தொடங்கியதும் குமார்டுலி, ஜோராசாங்கோ, மதியத்துக்கு மேல் விக்டோரியா நினைவிடம், அதன் பின் காளிகாட். இரவு விமானம். இரண்டு நாளிலும் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்த நேரம் மிகக் குறைவு. இதைத்தான் நான் தேடினேன்.

சாப்பாட்டில் மூன்று ஊருமே சோடை போகாதவை. ஹைதராபாத்தின் பிரியாணியைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. மும்பையின் மாட்டுங்காவில் நம் ஊர் இட்லி, காபி எப்போதும் உண்டு. கொல்கத்தாவில் காளிகாட் மெட்ரோவுக்கு அருகே லேக் மார்க்கெட் பகுதி பல தலைமுறைத் தமிழர்கள் வாழ்ந்த இடம். கடுகெண்ணெய் வாசனை பிடிக்காத அம்மா ஞாயிறு மாலை அங்கே வயிறாரச் சாப்பிட்டார். எனக்கும் மகனுக்கும் பூரி போன்ற லூச்சியும், உருளைக்கிழங்கு ஆலுர் தமும், இனிப்புத் தயிரான மிஷ்டி தோயியும் போதும். குளிர்காலத்தில் போனால் புது ஈச்ச வெல்லத்தில் செய்த சந்தேஷ் என்ற பால் இனிப்பு கிடைக்கும், விடாதீர்கள்.

கொல்கத்தாவுக்குப் பாதகங்களும் உண்டு. ரயிலில் போக ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால் விமானம் தவிர வேறு வழியில்லை. மூன்று ஊர்களிலும் மொத்தச் செலவு ஹைதராபாத்துக்கே குறைவு, அதில் சந்தேகமில்லை. பழைய மெட்ரோ நிலையங்களில் சில இடங்களில் படி ஏறித்தான் ஆக வேண்டும். டிராமில் சுற்றும் கனவோடு போகாதீர்கள், பெரும்பாலான தடங்கள் நின்றுவிட்டன. நாங்கள் போனது குளிர்காலத்தில். வெயில் காலத்துப் புழுக்கத்திலும் துர்கா பூஜைக் கூட்டத்திலும் இந்தத் திட்டம் இதே சுகத்தோடு ஓடும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

எல்லோருக்கும் கொல்கத்தாதான் என்றும் சொல்லவில்லை. கையிருப்புக் குறைவு, படியேறக் கால் வலு இருக்கிறது என்றால் தயங்காமல் ஹைதராபாத் போகலாம். கொலாபாவில் அறை கிடைத்துவிட்டால் மும்பைக்குப் போங்கள், எலிபண்டாவைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள்.

கூடுதலாக ஒரு நாள் விடுப்புக் கிடைத்தால், அது வெள்ளியா திங்களா என்பதைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுங்கள். சாலார் ஜங்கும் சௌமகல்லாவும் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், ஆகவே ஹைதராபாத்துக்குத் திங்கள் விடுப்பு பொருந்தும். விக்டோரியா நினைவிடத்தின் காட்சிக்கூடங்கள், இந்தியன் மியூசியம், எலிபண்டா மூன்றும் திங்கட்கிழமை மூடப்படுபவை. கொல்கத்தாவுக்கும் மும்பைக்கும் வெள்ளி விடுப்பு எடுப்பதே சரி. எங்கள் வீட்டில் அடுத்த முறை மும்பை என்று முடிவாகியிருக்கிறது. இம்முறை வெள்ளிக்கிழமையைச் சேர்த்துக்கொண்டு, கொலாபா அறைக்கு இப்போதிருந்தே பணம் ஒதுக்கிவருகிறேன்.