காலையில் மட்டும் எழாத கம்ப்யூட்டர்

மேட்டுப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பன் போன வாரம் போன் செய்து, "உன்கிட்ட இருக்கிற மாதிரியே மூணாம் தலைமுறை ஐ5 கம்ப்யூட்டர் ஒண்ணு 6,500க்கு வருதுடா, எடுக்கலாமா?" என்று கேட்டான். ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் கேட்டபோது என் மெஷினின் எஸ்எம்பிஎஸ் (சுவர் கரண்ட்டை கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி) ரிப்பேர் ஆகி வந்து நாலே நாள்தான் ஆகியிருந்தது, கோபம் ஆறவில்லை. அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

2013ல் கோயம்புத்தூரில் அசெம்பிள் செய்து குன்னூருக்கு ஏற்றிக்கொண்டு வந்தது. ஐ5 3470 பிராசஸர், எச்61 மதர்போர்டு, டிடிஆர்3 ராம். நடுவில் ஒரு எஸ்எஸ்டி மாட்டினேன், ராமை 8 ஜிபி ஆக்கினேன். விண்டோஸ் 11 இதைச் சேர்த்துக்கொள்ளாது, 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்தது, அதனால் இப்போது லினக்ஸ் மின்ட். நாலைந்து கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பதுதான் என் வேலை. அதற்கு இந்த வேகம் தாராளம். ஓடிக்கொண்டிருக்கும்போது இதைப் பற்றி ஒரு குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

ஓட ஆரம்பித்தால்தானே.

இரண்டு குளிர்காலமாக இதே கதை. காலை ஆறரைக்கு பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பீப் சத்தம் இல்லை, ஃபேன் அசையாது, முன்னால் இருக்கும் லைட் எரியாது. கல்லை அழுத்தினது போல இருக்கும். நாலு தடவை, பத்து தடவை அழுத்திவிட்டு, திட்டிவிட்டு, குளித்து டிபன் சாப்பிட்டு வந்து அழுத்தினால் சில நாள் கிளம்பும், சில நாள் கிளம்பாது. மத்தியானம் என்றால் ஒரே அழுத்தில் எழுந்துவிடும். ரிட்டர்ன் போட வேண்டிய 20ஆம் தேதி காலையில் இப்படி உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

எல்லோரும் செய்வதை எல்லாம் செய்தேன். யூபிஎஸ்ஸைத் தவிர்த்துவிட்டு நேராகச் சுவரில் சொருகினேன். பவர் கேபிளை மாற்றினேன். ராமைக் கழற்றி, அதன் தங்க நிறக் கால்களை ரப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டேன். போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பேட்டரி 12 வருஷம் ஆகிவிட்டதே என்று அதையும் மாற்றினேன். கடிகாரம் சரியானது, வேறு பலன் இல்லை. முன்பக்க பட்டன் தேய்ந்திருக்குமோ என்று அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் அந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டுப் பார்த்தேன். அதுவும் இல்லை.

அப்புறம் அந்தப் பேப்பர் கிளிப் சோதனை. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 24 பின் கனெக்டரை போர்டிலிருந்து கழற்றி, அதில் பச்சை ஒயரையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் கிளிப்பால் இணைத்தால், எஸ்எம்பிஎஸ் நல்லதாக இருந்தால் அதன் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றியது. எஸ்எம்பிஎஸ் நல்லது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். செய்தது எப்போது? மத்தியானம் இரண்டு மணிக்கு! என்னைத்தான் சொல்ல வேண்டும்.

கடைக்குக் கொண்டுபோன கதை இன்னும் மோசம். மலையிறங்கி வெயிலில் போய் கடைக்காரர் மேஜையில் வைத்தால், டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற பிள்ளை மாதிரி முதல் அழுத்திலேயே கிளம்பிவிட்டது. "நல்லாத்தானே சார் இருக்கு?" இரண்டாவது முறை போனபோது, அதே மெஷின் அங்கே ஓடிக்கொண்டிருக்கும்போதே, போர்டு போகப் போகிறது, இதற்கெல்லாம் இப்போது புது போர்டு வராது, செட்டாகவே மாற்றிவிடுங்கள், 28,000 ஆகும் என்றார்கள். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை அவர்கள் கையில் எடுக்கவே இல்லை. நியாயமாகச் சொன்னால், கண் முன்னால் ஓடுகிற மெஷினில் அவர்கள்தான் எதைக் கண்டுபிடிப்பார்கள்? ஆனால் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். போர்டு மேல் ஏன் பழி?

துப்புக் கொடுத்தது அம்மா. ராத்திரி படுக்கப் போகும் முன் வீட்டில் உள்ள அத்தனை சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். பிரிட்ஜ் மட்டும் தப்பிக்கும். போன மாதம் பொள்ளாச்சியில் அக்கா வீட்டுக்கு ஒரு வாரம் போயிருந்தார். அந்த ஏழு நாளும் கம்ப்யூட்டர் விடிகாலையில்கூட முதல் அழுத்தில் எழுந்தது. தானாகவே சரியாகிவிட்டது என்று நான் சந்தோஷத்தில் இருந்தேன். அவர் திரும்பி வந்த மறுநாள் காலை மறுபடியும் கல். பாட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் ஜாதகம் ஒத்துப்போகவில்லை என்றாள் என் மகள்.

அப்போதுதான் உறைத்தது. கம்ப்யூட்டரை அணைத்தாலும், சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும் வரைக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஒரு குட்டி சர்க்யூட் தூங்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஊதா ஒயரில் 5 வோல்ட் கொடுப்பது அதுதான். அது வந்தால்தான் போர்டுக்கு நீங்கள் பட்டனை அழுத்தினதே தெரியும். அந்த சர்க்யூட்டில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் (கரண்ட்டைச் சேமித்துச் சீராக்கும் குட்டி உருளைகள்) வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்து உள்ளே காய்ந்துபோகின்றன. காய்ந்த கெப்பாசிட்டர் சூடாக இருக்கும் வரை ஒப்பேற்றும். குளிர்ந்தால் வேலை செய்யாது. 1,850 மீட்டர் உயரத்தில், மார்கழிக் குளிரில், ராத்திரி முழுக்க கரண்ட் இல்லாமல் கிடந்தால் காலையில் எப்படி எழும்?

மறுநாள் காலை மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். ஊதா ஒயரில் 3.4, 3.1, 3.6 என்று முள் இல்லாத மீட்டரில் எண்கள் குதித்தன. குறைந்தபட்சம் 4.75 இருக்க வேண்டும். மகளின் ஹேர் டிரையரை எடுத்து, எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க ஓட்டைகளில் இரண்டு நிமிஷம் அனல் காட்டினேன். 4.9க்கு வந்து நின்றது. பட்டனை அழுத்தினேன், கிளம்பியது. தலை காய வைக்கிற மெஷினை வைத்துக் கம்ப்யூட்டரை எழுப்பிய அந்தக் காலையில் எனக்கு வந்த சந்தோஷம், 2013ல் இதைப் புதுசாக வாங்கியபோதுகூட வரவில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸை நான் பிரிக்கவில்லை, நீங்களும் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பஜாரில் பழைய டிவி மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் "ஸ்டாண்ட்பை கெப்பாசிட்டர்" என்று பெட்டியைத் திறக்காமலேயே சொன்னார். 47 மைக்ரோஃபாரட்டில் ஒன்று, 1000ல் ஒன்று, இரண்டையும் 105 டிகிரி தாங்குகிறதாகப் பார்த்துப் போட்டார். கூலியோடு 200 ரூபாய். அந்த 28,000ஐ நினைத்துக்கொண்டே எண்ணிக் கொடுத்தேன்.

சரி, நண்பனுக்குப் பதில். வாங்காதே. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்காதே. அதற்குள்ளும் ஒரு 12 வருஷத்து எஸ்எம்பிஎஸ் இருக்கிறது, உன் ஊர் வெயிலில் அதன் நோய் வெளியே தெரியாது, ஒரு நீண்ட கரண்ட் கட்டுக்கு அப்புறம்தான் தெரியும். விற்கிறவன் ஓடவிட்டுத்தான் காட்டுவான். வாங்கியே தீருவேன் என்றால், ராத்திரி பிளக்கைப் பிடுங்கி வைக்கச் சொல்லிவிட்டு விடிகாலையில் போய் நீயே சொருகி நீயே அழுத்திப் பார். என்னுடையதைக் கேட்காதே, 16,000 கொடுத்தாலும் தரமாட்டேன்.

அம்மா இன்னும் தினமும் சுவிட்சை அணைத்துக்கொண்டுதான் இருக்கிறார், மெஷினும் எழுந்துகொண்டுதான் இருக்கிறது. இப்போது பிரச்சினை என் விரலில். இரண்டு வருஷப் பழக்கத்தில் பட்டனை டக்டக் என்று இரண்டு தரம் அழுத்திவிடுகிறேன். முதல் அழுத்தில் கிளம்புவது இரண்டாவதில் அணைந்துவிடுகிறது.