பத்தாம் வகுப்புக் கணக்கு: டியூஷன் சென்டரா, பதிவு வீடியோவா, நேரலை ஆசிரியரா?

5 – (3 – 8) என்ற கணக்குக்கு விடை 10. அடைப்பை நீக்கும்போது 8-இன் குறியை மாற்ற மறந்த பிள்ளைக்கு –6 வரும். இந்த ஒரு பிழை இருபடிச் சமன்பாட்டிலும் வரும், ஆயத்தொலை வடிவியலிலும் வரும். ஆண்டு முழுக்க மதிப்பெண்ணைத் தின்னும். டியூஷனை எடைபோட எங்கள் அளவுகோல் இதுதான்: பிள்ளையின் பேனா எந்த வரியில் தடுமாறியது என்று யாருக்குத் தெரிகிறது?

தெருமுனை டியூஷன் சென்டரில் 25 பேர் இருந்தால், 90 நிமிட வகுப்பில் ஒருவருக்குக் கிடைப்பது 3.6 நிமிடம். மாதம் 12 வகுப்பு என்றால் 43 நிமிடம். நேரலையில் ஒருவருக்கு ஒருவர் பாடம் என்றால், மாதம் 8 வகுப்பு, ஒவ்வொன்றிலும் பிள்ளை 30 நிமிடம் கணக்குப் போட்டாலே 240 நிமிடம். கட்டணத்தை இந்த நிமிடங்களால் வகுத்துப் பாருங்கள். மலிவு எது என்பது பல நேரம் மாறிப்போகும். 25 பேர் நடுவே கையைத் தூக்கக் கூசும் பிள்ளை தனியாக இருக்கும்போது "மறுபடி சொல்லுங்க சார்" என்று தயங்காமல் கேட்கும். போய்வரும் நேரமும் மிச்சம். பக்கத்தில் நல்ல கணக்கு ஆசிரியர் இல்லாத ஊருக்கு இது பெரிய வரம்.

ஆனால் நேரலை வகுப்புகள் பலவும் வீணாவது கேமராவால். போன் பிள்ளையின் முகத்தைப் பார்த்து நிற்கும். நோட்டு ஆசிரியர் கண்ணில் படாது. அப்படி நடத்தினால் கட்டிய கட்டணம் தண்டம். போனை ஸ்டாண்டில் மாட்டி, நோட்டுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் கீழ்நோக்கி வையுங்கள். வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரட்டும், கை நிழல் எழுத்தின்மேல் விழாது. பென்சில் எழுத்து திரையில் மங்கும்; கறுப்புப் பேனா நல்லது. ஆசிரியரைப் பார்க்க இன்னொரு கருவி இருந்தால் ஒன்றில் மட்டும் மைக்கும் ஒலியும் இருக்கட்டும், இரண்டிலும் இருந்தால் எதிரொலி காதைப் பிய்க்கும். இரண்டாவது கருவியும் ஓர் ஆளாகக் கணக்காகி மூன்று பேர் ஆகிவிடுவதால், கூகுள் மீட் இலவசக் கணக்கில் 60 நிமிட வரம்பு வந்துவிடும். ஜூமில் இலவச வரம்பு 40 நிமிடம். டேட்டாவையும் பாருங்கள்: ஒரு மணி நேர வீடியோ அழைப்பு அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபிக்கு மேலும் இழுக்கும். சிக்னல் மோசமானால் முதலில் ஆசிரியரின் முகத்தை நிறுத்துங்கள், நோட்டைக் காட்டும் கேமரா கடைசிவரை ஓடட்டும்.

தமிழ் வழி மாணவர் என்றால் இன்னொன்று. இருபடிச் சமன்பாட்டின் b² – 4ac-க்குப் பாடநூலில் 'தன்மைக்காட்டி' என்று இருக்கும், ஆசிரியர் 'டிஸ்கிரிமினன்ட்' என்றே சொல்லிக்கொண்டிருப்பார். தேர்வுத் தாளில் அந்தத் தமிழ்ச் சொல்லைப் பார்த்ததும் தெரிந்த கணக்கே அந்நியமாகிவிடும். பாடநூலைத் திறந்துவைத்து நடத்துபவரா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

பதிவு வீடியோ காசில்லாமல் கிடைக்கிறது. பாடநூலின் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தாலே பாடம் வரும்; 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் இருக்கிறது. காய்ச்சலில் விட்டுப்போன பாடத்தைப் பிடிக்கவும், தேற்றத்தை நான்கு முறை கேட்கவும் இதைவிட வசதி இல்லை. இதில் உள்ள ஆபத்து, புரிந்த மாதிரியே இருக்கும். வீடியோவில் ஆசிரியர் போடுகிறார், பிள்ளை தலையாட்டுகிறது, மறுநாள் வெறும் தாளில் கை ஓடாது. கேள்வி திரையில் வந்ததும் நிறுத்தி, தானே போட்டுப் பார்த்த பிறகு ஓடவிட வேண்டும். குறிப் பிழையை எந்த வீடியோவும் பிடிக்காது.

சென்டர் ஜெயிக்கும் இடம் எட்டு மதிப்பெண் பகுதி. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தின் 100 மதிப்பெண் தாளில் வடிவியல் வரைதலும் வரைபடமும் சேர்ந்து 16 மதிப்பெண். காம்பஸ் திருகு தளர்ந்திருப்பது, பென்சில் முனை மழுங்கியது, வரைபடத் தாளில் அளவுத்திட்டத்தைத் தவறாக எடுத்தது எல்லாம் பக்கத்தில் நிற்பவர் கண்ணில் உடனே படும். சாய்ந்த கேமராவில் 60 பாகைக் கோணம் 60 ஆகத் தெரியாது, அளந்து பார்க்கவும் வழியில்லை. நேரம் வைத்து முழுத் தேர்வு எழுதவைப்பதும் சென்டரில்தான் ஒழுங்காக நடக்கும். வீட்டில் பாதியில் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவார்கள்.

ஆக, கடைசி இரண்டு தேர்வின் விடைத்தாள்களை விரித்து, போன மதிப்பெண்களைப் பிரித்துப் பாருங்கள். இடைப்படியில் பிழை என்றால் நேரலை ஆசிரியர். பாடமே தெரியாமல் விட்ட கேள்விகள் என்றால் முதலில் வீடியோ. படம் வரைவதிலும் நேரம் போதாமலும் போனது என்றால் சென்டர். தனி ஆசிரியருக்குக் கட்டணம் அதிகம் என்றால் மூன்று பேர் சேர்ந்த நேரலைக் குழு நல்ல நடுவழி. மூன்று நோட்டும் ஆசிரியருக்குத் தெரியும் வரைதான் அது பயன் தரும், நான்கைத் தாண்டவிடாதீர்கள்.

மாதிரி வகுப்பில், பிள்ளை போன தேர்வில் தவறவிட்ட கணக்கையே மறுபடி போடச் சொல்லுங்கள். ஆசிரியர் பேனாவைப் பிடுங்காத குறையாகத் தானே போட்டுக் காட்டினால் வேறு ஆளைப் பாருங்கள். பிள்ளை பிழை செய்த வரியில் நிறுத்தி, "இங்கே ஏன் கழித்தல் போட்டாய்?" என்று கேட்பவரிடம் சேர்த்துவிடலாம்.