ஆடியாலஜி (செவித்திறன் துறை) ஆய்வுக் கட்டுரைத் தேடல்: எந்தத் தளம் எதற்கு உதவும், எங்கே காலை வாரும்?

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் சிஐ என்று அடித்துக் காக்ளியர் இம்பிளான்ட் (உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) கட்டுரைகளை எதிர்பார்த்தால், புள்ளியியலின் கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் மலைபோல் வந்து குவியும். ஹெச்ஏ என்று போட்டால் காது கேட்கும் கருவியோடு ஹையலூரானிக் ஆசிடும் சேர்ந்து வரும். ஆர்இஎம் என்றால் ரியல் இயர் அளவீடு (கருவியின் ஒலியைக் காதுக்குள்ளேயே அளப்பது) எங்கோ கீழே கிடக்க, தூக்க ஆய்வுகள் முன்னால் நிற்கும். ஒலிக்கு மூளைத்தண்டு தரும் மின் பதிலை அளக்கும் ஏபிஆர் சோதனைகூடத் தப்பவில்லை, ரத்தம் சரியாக உறையாத நோயான ஹீமோஃபிலியா பற்றிய கட்டுரைகளில் அது ஆண்டு ரத்தக்கசிவு விகிதத்தின் சுருக்கப் பெயர். கிளினிக்கில் பேசும் சுருக்கப் பெயர்களைத் தேடல் பெட்டியில் அப்படியே போடும் வரை எந்தத் தளமும் உருப்படியாக எதையும் தராது.

இலவசத் தளங்களில் முதலில் திறக்க வேண்டியது பப்மெட்தான். கேள்வியை இரண்டு அல்லது மூன்று கருத்துகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் உள்ள எல்லாப் பெயர்களையும் 'ஆர்' போட்டு ஒரே அடைப்புக்குள் வைத்து, அடைப்புகளை 'ஆண்ட்' போட்டு இணைக்க வேண்டும். ஏபிஆரையே எடுத்துக்கொள்வோம். மெஷ் தலைப்பில் (கட்டுரைகளுக்கு பப்மெட்டில் இடப்படும் நிலையான பொருள் தலைப்பு) 'பிரெயின் ஸ்டெம்' இரண்டு சொல். கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரே சொல். சில நாடுகளில் பெரா, சில இடங்களில் பிஏஇஆர், பழைய கட்டுரைகளில் பிஎஸ்இஆர். இத்தனையும் ஒரே அடைப்புக்குள் இருந்தால்தான் அந்தக் கருத்து முழுமையாகப் பிடிபடும். சுருக்கப் பெயரைச் சேர்க்கும்போது தேடலைத் தலைப்பு, ஆய்வுச் சுருக்கம் ஆகிய புலங்களோடு நிறுத்தி, 'ஹியரிங்' அல்லது 'ஆடிட்டரி' என்ற சொல்லைத் துணைக்குக் கட்டினால் ஹீமோஃபிலியா தொல்லை போய்விடும்.

மெஷ் தலைப்பை மட்டும் நம்புவதிலும் ஆபத்து உண்டு. பப்மெட்டில் இருக்கும் முன்பதிப்புகளுக்கும் (இதழில் வருமுன் வெளியிடப்படும் கட்டுரைகள்) வேறு சில பதிவுகளுக்கும் மெஷ் தலைப்பு கிடையாது. அவை தேடலில் சிக்காமலே போகும். அதனால் தலைப்பும் சாதாரணச் சொல்லும் இரண்டுமே வேண்டும். காக்ளியர் இம்பிளான்ட்டுக்கு இரண்டு தலைப்புகள் உள்ளன, ஒன்று கருவிக்கு, மற்றது அறுவை சிகிச்சைக்கு. ஒன்றை விட்டால் பாதி போச்சு. சொல்லின் முடிவில் நட்சத்திரக் குறி போட்டால் (அதற்கு முன் குறைந்தது 4 எழுத்துகள் வேண்டும்) அந்தச் சொல்லை மெஷ்ஷோடு தானாகப் பொருத்துவதை பப்மெட் நிறுத்திவிடும். முடிவுகள் திடீரென்று மெலிந்துபோவதற்கு இது அடிக்கடி காரணம். இன்னொன்று: கிளிப்போர்டில் சேர்த்த பதிவுகள் 8 மணி நேரம் தொடாமல் இருந்தால் அழிந்துவிடும். கணக்கு ஒன்று திறந்து அதில் சேமிப்பதே பாதுகாப்பு.

பப்மெட்டுக்கு வெளியே இருப்பதும் கொஞ்சமல்ல. கவுன்சலிங், பெற்றோர் பயிற்சி, மறுவாழ்வு சார்ந்த கட்டுரைகளுக்கு, செவிலியம் மற்றும் துணை மருத்துவத் துறைகளுக்கான சினால் தளம் நல்லது. அது சந்தாத் தளம், நூலகம் வழியாகத்தான் கிடைக்கும். கேள்குறை உள்ள குழந்தைகளின் பள்ளிக் கல்வி பற்றியது இலவசமான எரிக் தளத்தில் நிறைய. கருவிக்குள் நடக்கும் இரைச்சல் குறைப்பு, ஃபீட்பேக் கட்டுப்பாடு போன்ற சிக்னல் பிராசஸிங் விஷயங்களுக்கு ஐஇஇஇ எக்ஸ்ப்ளோர். ஆடியாலஜி மாணவர்கள் அந்தப் பக்கம் போவதே அபூர்வம், போனால் திகைக்கும் அளவுக்குக் கிடைக்கும்.

கூகுள் ஸ்காலர்? முறையான தேடலுக்கு வேண்டாம். எந்தத் தேடலுக்கும் 1000 முடிவுகளுக்கு மேல் காட்டாது, அதே தேடலை அதே முடிவோடு மறுபடி எடுக்கவும் முடியாது. ஆனால் ஒரு நல்ல கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று முன்னோக்கிப் போக அதற்கு ஈடு இல்லை. அமைப்புகளில் 'நூலக இணைப்புகள்' பகுதியில் கல்லூரி நூலகத்தின் பெயரைச் சேர்த்து வைத்தால், சந்தா உள்ள கட்டுரைகளுக்கு நேரடி இணைப்பு பக்கத்திலேயே தெரியும். இதைச் செய்யாமல் வீட்டிலிருந்து பதிப்பகத் தளத்துக்கு நேரே போகிறவர்களுக்குத்தான் பணம் கட்டச் சொல்லும் பக்கம் வருகிறது. நூலகத்தின் பிராக்ஸி (கல்லூரி வழியாக இணைக்கும் இடைச் சேவையகம்) வழியாக வராததால், சந்தா உள்ள கல்லூரியைச் சேர்ந்தவர்கள் என்பது பதிப்பகத்துக்குத் தெரிவதில்லை. அப்படியும் கிடைக்காவிட்டால், சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதியைக் காட்டும் அன்பேவால் உலாவி நீட்சி, பிறகு நூலகங்களுக்கு இடையிலான இரவல்.

பழைய இதழ்களைத் தேடும்போது பெயர் மாற்றம் குழப்பும். இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் ஆடியாலஜி 2002-இல் மூன்று இதழ்கள் சேர்ந்து உருவானது: ஆடியாலஜி, பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஆடியாலஜி, ஸ்காண்டினேவியன் ஆடியாலஜி. அதற்கு முந்தைய கட்டுரையை நூலகப் பட்டியலில் புதுப் பெயரில் தேடினால் 'இல்லை' என்றே வரும். ட்ரெண்ட்ஸ் இன் ஹியரிங்கின் முந்தைய பெயர் ட்ரெண்ட்ஸ் இன் ஆம்ப்ளிஃபிகேஷன். இப்போது அது முழுக்கத் திறந்த அணுக்க இதழ், யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

கேட்டல் பரிசோதனை நெறிமுறைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8253-1 விலைக்குத்தான் கிடைக்கும், எனவே முதலில் நூலகரிடம் கேளுங்கள். பிரிட்டிஷ் சொசைட்டி ஆஃப் ஆடியாலஜியின் பரிந்துரை நடைமுறைகள் இலவசம். மாஸ்கிங் (சோதிக்காத காதில் இரைச்சல் கொடுத்து மறைப்பது) விதிகளைச் சரிபார்க்க அதுவே போதும். கருவித் தயாரிப்பாளர்களின் 'ஒயிட் பேப்பர்'களைப் படிக்கலாம், ஆனால் எதோடு ஒப்பிட்டார்கள் என்பதை முதலில் பாருங்கள். தங்களுடைய பழைய மாடலோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால் அதை ஆதாரமாகக் காட்ட முடியாது.

கேள்குறையின் பரவல் பற்றிய ஆய்வுகளை அடுக்கி வைத்து ஒப்பிடுவோருக்கு ஒரு எச்சரிக்கை. உலக சுகாதார நிறுவனத்தின் பழைய வகைப்பாட்டில் லேசான கேள்குறை 26 டெசிபெலில் தொடங்கும். 2021-இல் வந்த உலகக் கேட்டல் அறிக்கையில் அது 20 டெசிபெல். எந்த வகைப்பாடு என்று பார்க்காமல் சதவீதங்களை ஒரே அட்டவணையில் போட்டால், கேள்குறை திடீரென்று பெருகிவிட்டதுபோல் தோன்றும்.

சொந்தமாகத் தரவு திரட்ட வழியில்லாதவர்களுக்கு அமெரிக்காவின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பான என்ஹேன்ஸின் ஆடியோமெட்ரி (கேட்கும் திறன் அளவீடு) கோப்புகள் பெரிய வரம். 500 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான அளவுகள், பதிவு இல்லாமலே தரவிறக்கலாம். கோப்பு எக்ஸ்பிடி வடிவில் வரும். எக்ஸெல் திறக்காது, ஆர் மென்பொருளின் ஹேவன் தொகுப்பு திறந்துவிடும். அதில் 888 என்றால் அளவு எடுக்க முடியவில்லை, 666 என்றால் ஒலிக்குப் பதில் இல்லை. இவை டெசிபெல் அல்ல. 60, 70, 80, 666 என்ற நான்கையும் கவனிக்காமல் சராசரி எடுத்தால் 219 டெசிபெல் என்று வரும். 888-ஐ விடுபட்ட தரவாக நீக்கலாம். 666-ஐயும் அப்படியே நீக்கினால் மிகவும் கேளாதவர்களின் சராசரி நன்றாக இருப்பதுபோல் காட்டும். ஆகவே அந்த அதிர்வெண்ணில் ஆடியோமீட்டர் தரும் உச்ச அளவோடு 5 டெசிபெல் கூட்டிப் போட்டு, அப்படிச் செய்ததை ஆய்வு முறைப் பகுதியில் எழுதிவிடுங்கள்.