டைட்டில் செக்: வக்கீலா, இன்சூரன்ஸா?

வீடு வாங்கறப்போ வக்கீல வச்சு பத்திரம் பாத்தா போதுமா, டைட்டில் இன்சூரன்ஸும் (சொத்தோட உரிமையில பின்னாடி சிக்கல் வந்தா நஷ்டத்த ஈடு கட்டற காப்பீடு) எடுக்கணுமான்னு நிறைய பேரு குழம்புறாங்க.

செலவு: ரெண்டுமே பெரும்பாலும் ஒரு தடவதான்.

வக்கீல்: தாய்ப்பத்திரத்துல இருந்து தேடி அடமானம், வரி பாக்கி, கோர்ட் கேஸ்னு முன்னாடியே சொல்லிடுவாரு.

இன்சூரன்ஸ்: கையெழுத்தே போலி, இல்ல பாகம் பிரிக்கறப்போ விட்டுப்போன ஒரு தங்கச்சி பல வருஷம் கழிச்சு வந்து நிக்கறாங்கன்னா பதிவுல அது தெரியவே தெரியாது, அங்கதான் இது கைகொடுக்கும், ஆனா விதிவிலக்கு பக்கத்த வரி வரியா படிங்க. பேங்குக்காக எடுத்த பாலிசி பேங்கைத்தான் காப்பாத்தும், உங்கள இல்ல!

பில்டர்கிட்ட வாங்கினாலும் வக்கீல விட்றாதீங்க. பல கை மாறின, வாரிசு நிறைய இருக்கற சொத்துன்னா கண்டிப்பா ரெண்டும் வேணும்.