ஒரே நாளில் பிறந்த இரண்டு நாடுகள்: ருவாண்டாவும் புருண்டியும்

ருவாண்டாவின் தலைநகரான கிகாலியில் மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் முக்கியச் சாலைகளில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். ஊர் ஜனங்கள் ட்ராக் சூட் மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். சில சமயம் ஜனாதிபதி பால் ககாமேயும் வந்து கலந்துகொள்வார். அங்கிருந்து நேர்கோட்டில் 200 கிலோமீட்டர்கூட இல்லாத புருண்டியின் புஜும்புராவில், 2014இல், கூட்டமாக ஓடுவதற்கே அரசு தடை போட்டது. எதிர்க்கட்சிக்காரர்கள் ஜாகிங் என்ற பேரில் ஊர்வலம் போகிறார்களாம்.

ருவாண்டாவையும் புருண்டியையும் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த மட்டத்திலேயே நின்றுவிடுகிறது. ஒன்றுக்கு 'ஆப்பிரிக்காவின் சிங்கப்பூர்' என்று பட்டம். இன்னொன்று உலகின் பரம ஏழை நாடுகளின் பட்டியலில் கடைசி வரிசைக்காரர். முதல் பட்டம் கொஞ்சம் மிகை, இரண்டாவது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் இந்த இடைவெளி எப்போது விழுந்தது, எதனால் விழுந்தது என்று பார்த்தால் கதை அவ்வளவு நேராக இல்லை.

பொதுவாக இரண்டு ஆப்பிரிக்க நாடுகளை ஒப்பிடும்போது ஒரு சாக்கு கிடைத்துவிடும். ஒருவருக்கு எண்ணெய் இருக்கும், இன்னொருவருக்குக் கடற்கரை இருக்கும். இங்கே எந்தச் சாக்கும் செல்லாது. பரப்பளவு ஒன்றுக்குச் சுமார் 26,000 சதுர கிலோமீட்டர், மற்றதற்குச் சுமார் 28,000. மக்கள்தொகை இரண்டிலும் ஏறக்குறைய 1.3 கோடி. இரண்டுக்கும் கடல் இல்லை. தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்துக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரி ஓட வேண்டும். இரண்டும் முதலில் ஜெர்மனியிடமும், முதல் உலகப் போருக்குப் பின் 'ருவாண்டா-உருண்டி' என்று ஒரே கட்டாக பெல்ஜியத்திடமும் இருந்தவை. 1962 ஜூலை 1 அன்று இரண்டும் சுதந்திரம் பெற்றன. கின்யர்வாண்டா பேசுகிறவரும் கிருண்டி பேசுகிறவரும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் சண்டை போடலாம். ஹுட்டு, டுட்சி, ட்வா என்ற மூன்று பிரிவுகளும் இரண்டு நாட்டிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருக்கின்றன. சாப்பாடும் அதேதான்: பீன்ஸ், வாழைக்காய், மரவள்ளி, சர்க்கரைவள்ளி.

சாவில்கூட ஒற்றுமை. 1994 ஏப்ரல் 6 அன்று கிகாலியில் இறங்கவிருந்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டபோது, அதில் இருந்த ருவாண்டா ஜனாதிபதி ஹப்யாரிமானாவும் புருண்டி ஜனாதிபதி நிதார்யாமிராவும் ஒன்றாகவே இறந்தார்கள்.

வித்தியாசம் எங்கே என்றால், அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதில். சுதந்திரத்துக்குப் பிறகு ருவாண்டாவில் ஹுட்டுப் பெரும்பான்மை ஆட்சி. புருண்டியில் டுட்சிகள் நிறைந்த ராணுவத்தின் ஆட்சி. அதனால் கொலைகளும் கண்ணாடியில் தெரியும் பிம்பம் போலத் தலைகீழாக நடந்தன. 1972இல் புருண்டியில் படித்த ஹுட்டுகளைத் தேடித் தேடி ராணுவம் கொன்றது. இறந்தவர்கள் லட்சத்துக்கு மேல். 1993இல் தேர்தலில் வென்ற முதல் ஹுட்டு ஜனாதிபதி மெல்கியோர் நிதாதாயேயை, பதவியேற்ற சில மாதங்களிலேயே ராணுவத்தினர் கொன்றார்கள். 2005 வரை நீண்ட உள்நாட்டுப் போரில் சுமார் 3 லட்சம் பேர் மாண்டார்கள். ருவாண்டாவில் 1994இல் நூறு நாளில் சுமார் 8 லட்சம் பேர், பெரும்பாலும் டுட்சிகள், கொல்லப்பட்டார்கள்.

இதற்கப்புறம் இரண்டு நாடுகளும் கண்டுபிடித்த மருந்துகள் ஒன்றுக்கொன்று நேர் எதிர். இனி யாரும் ஹுட்டு இல்லை, டுட்சி இல்லை, எல்லாரும் ருவாண்டர் என்றது ருவாண்டா. பெல்ஜியக்காரர்கள் 1930களில் அடையாள அட்டையில் ஏற்றிய இனப்பெயரை எடுத்துவிட்டார்கள். 1994இல் சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் வெட்டினார்கள் என்பதால் அதன் நியாயம் புரிகிறது. ஆனால் இனத்தைப் பற்றிப் பொதுவில் பேசுவதே 'பிரிவினைவாதம்' என்று சட்டத்தில் மாட்டிக்கொள்ளும் விஷயமாகிவிட்டது.

புருண்டியோ இனப்பெயரை அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தது. தான்சானியாவின் முன்னாள் ஜனாதிபதி நியரேரேவும் அவருக்குப் பின் மண்டேலாவும் நடுவர்களாக இருந்து 2000இல் முடித்த அருஷா சமாதான ஒப்பந்தத்தின் வழியில், தேசிய சபையிலும் அமைச்சரவையிலும் ஹுட்டு 60, டுட்சி 40 சதவீதம். செனட்டில் பாதிக்குப் பாதி. ராணுவத்தில் எந்தப் பிரிவும் பாதியைத் தாண்டக்கூடாது. 14 சதவீதம் என்று சொல்லப்படும் சிறுபான்மைக்கு 40 சதவீத இடம் என்பது அவர்களுடைய பயத்துக்குக் கொடுத்த விலை. காகிதத்தில் எனக்குப் பிடித்தது புருண்டியின் மருந்துதான். பேசக்கூடாது என்பதைவிட, பேசி எண்ணிப் பிரித்துக்கொள்வது நேர்மையாகப் படுகிறது. 2015இல் அங்கே நெருக்கடி வந்தபோது ஆளும் கட்சிக்குள்ளேயே ஹுட்டுகளும் டுட்சிகளும் இரண்டு பக்கமும் நின்றார்கள். அது மறுபடி இனக்கொலையாக வெடிக்காமல் போனதில் இந்தக் கணக்குக்கும் ஒரு பங்கு உண்டு.

சரி, காகிதத்தை விட்டு அடுப்படிக்குப் போவோம். அங்கே ருவாண்டா வெகுதூரம் முன்னால் நிற்கிறது.

தனிநபர் வருமானம் ருவாண்டாவில் ஆண்டுக்குச் சுமார் 1000 டாலர். புருண்டியில் 300க்கும் கீழே. தொண்ணூறுகளின் நடுவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. ஆனால் வருமான எண்ணை நான் பெரிதாக நம்புவதில்லை. தலைநகரில் நாலு கண்ணாடிக் கட்டடம் எழும்பினாலே அது ஏறிவிடும். குழந்தைகளின் உயரத்தைப் பார்ப்பது நல்லது. புருண்டியில் 2016-17 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 56 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதாவது பாதிக்கு மேல். ருவாண்டாவில் 2019-20 கணக்கெடுப்பில் அது 33 சதவீதம். 33ம் வெட்கப்பட வேண்டிய எண்தான், கிகாலியின் மாநாட்டு மண்டபத்து விளக்குகளில் அது தெரிவதில்லை. ஆனாலும் மூன்றில் ஒன்றுக்கும் பாதிக்கு மேலுக்கும் நடுவே லட்சக்கணக்கான குழந்தைகள் இருக்கிறார்கள். ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள், 2000இல் ருவாண்டாவில் ஆயிரத்துக்கு 196. இருபது வருஷத்தில் அதை 45க்கு இறக்கினார்கள். புருண்டியின் 2016-17 எண் 78.

இதை எப்படிச் சாதித்தார்கள்? ரத்தப் பைகளைச் சுமந்து பறக்கும் ட்ரோன்களைத்தான் எல்லாரும் படம் பிடிக்கிறார்கள். உண்மையான வேலையைச் செய்தது 'மியுத்துவெல்' என்ற சுகாதாரக் காப்பீடு. பல ஆண்டுகளாகப் பெரும்பாலான குடும்பங்களுக்குத் தலைக்கு வருஷம் 3000 ருவாண்டா பிராங்க். பரம ஏழைகளுக்கு அரசே கட்டும். சுகாதார நிலையத்துக்குப் போனால் 200 பிராங்க் கொடுத்தால் போதுமாயிருந்தது. பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு இதில் சேர்ந்தார்கள். அதோடு கிராமத்துக்குச் சிலர் என்று தேர்ந்தெடுத்த சுகாதாரத் தொண்டர்கள், மலேரியா மாத்திரையையும் எடைபோடும் தராசையும் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள்.

புருண்டி ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2005இல் ஆரம்பப் பள்ளிக் கட்டணத்தை எடுத்தார்கள். 2006இல் பிரசவத்துக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இலவச சிகிச்சை என்று அறிவித்தார்கள். நல்ல எண்ணத்தில் இரண்டு அரசுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சனிக்கிழமை ஊர்ப்பொது வேலையில்கூடப் புருண்டிதான் அதிகம்: ருவாண்டாவின் 'உமுகாண்டா' மாதக் கடைசிச் சனிக்கிழமை மட்டும், புருண்டியில் வாராவாரம். ஆனால் ருவாண்டாவில் 'இமிஹிகோ' என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு மாவட்ட மேயரும் இத்தனை வீட்டுக்கு மின்சாரம், இத்தனை பேருக்குக் காப்பீடு என்று ஜனாதிபதி முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். ஆண்டு முடிவில் மார்க் போடுவார்கள். தோற்றவர் பதவியை மறந்துவிடலாம். மேலே சொன்னது கீழே போய்ச் சேருகிறது. 2024 ஊழல் உணர்வுக் குறியீட்டில் ருவாண்டாவுக்கு நூற்றுக்கு 57, புருண்டிக்கு 17.

மின்சாரத்திலும் அதே கதை. 2009 வாக்கில் ருவாண்டாவில் பத்தில் ஒரு வீட்டுக்குக்கூட மின்சாரம் இல்லை. இன்று சூரியத் தகடு வைத்த வீடுகளையும் சேர்த்தால் பத்தில் ஏழெட்டு. புருண்டி இன்னும் பத்தில் ஒன்று என்ற இடத்திலேயே நிற்கிறது.

புருண்டியின் இன்றைய நரகத்துக்கு ஒரே பெயர் வைக்கச் சொன்னால் நான் பெட்ரோல் என்பேன். அப்போதைய ஜனாதிபதி பியர் நிகுருன்சிசா 2015இல் மூன்றாம் முறை தேர்தலில் நிற்கிறேன் என்றார். போராட்டம், தோற்றுப்போன ராணுவப் புரட்சி, 4 லட்சம் அகதிகள். 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் அரசுக்கு நேரடியாகத் தந்துவந்த பணத்தை நிறுத்தியது. காபியும் தேயிலையும் கொண்டுவரும் டாலர் போதவில்லை. அரசு என்ன செய்தது? டாலருக்கு ஒரு விலையைத் தானே நிர்ணயித்து அதைப் பிடித்துக்கொண்டது. வெளியே கருப்புச் சந்தையில் விலை அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. யாருக்கு அரசு விலையில் டாலர் கிடைக்கிறதோ அவர் உட்கார்ந்த இடத்திலேயே பணக்காரர். அதனால் யாருக்குக் கிடைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 2023 மே மாதம் நாணய மதிப்பை 38 சதவீதம் போல ஒரே அடியாகக் குறைத்தும் இடைவெளி மூடவில்லை.

டாலர் இல்லாவிட்டால் பெட்ரோல் இல்லை. பெட்ரோல் இல்லாவிட்டால் பஸ் இல்லை, உரம் வராது, மரவள்ளி சந்தைக்குப் போகாது. பங்கின் முன்னே கார்கள் நாள்கணக்கில் நிற்கின்றன. இதற்கிடையில் 2022இல் புஜும்புராவின் மையப் பகுதிக்குள் மோட்டார் சைக்கிள், டுக்டுக், சைக்கிள் எல்லாவற்றுக்கும் தடை. பஸ்ஸும் இல்லை, சைக்கிளும் கூடாது என்றால் நடக்கத்தான் வேண்டும். ஜனங்கள் நடக்கிறார்கள். கிகாலியிலோ எந்த மூலையில் கை காட்டினாலும் 'மோட்டோ' வந்து நிற்கும், ஓட்டுநர் பின்சீட்டுக்காரருக்கும் ஹெல்மெட் நீட்டுவார்.

இவ்வளவு சொன்ன பிறகு ருவாண்டாவின் பில்லையும் எடுத்துப் பார்க்க வேண்டும். 2024 தேர்தலில் ககாமேக்கு 99.18 சதவீதம் வாக்கு. எந்த நாட்டிலும் 99 சதவீதம் பேர் ஒத்துப்போகிற விஷயம் ஒன்று உண்டென்றால் அது ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டும் என்பதாகத்தான் இருக்கும். விக்டோயர் இங்காபிரே, டயான் ருவிகாரா இருவரையும் போட்டியிடவே விடவில்லை. கிராமங்களில், 2007க்குப் பிறகு, இந்த வட்டாரத்தில் சோளம்தான், அந்த வட்டாரத்தில் பீன்ஸ்தான் என்று அரசே தீர்மானித்தது. கேட்காமல் வேறு விதைத்தவர்களின் பயிரைப் பிடுங்கிய இடங்களும் உண்டு. வறுமை குறைந்ததாக அரசு வெளியிட்ட சில கணக்குகளை ஆய்வாளர்கள் வெளிப்படையாகச் சந்தேகித்தார்கள். குழந்தை இறப்பு எண்களோ வேறு வழியில் எடுத்தவை. அவற்றை யாரும் பெரிதாக மறுக்கவில்லை. அதனால்தான் நான் அவற்றைப் பிடித்துக்கொண்டேன்.

பெரிய கணக்கு எல்லைக்கு வெளியே இருக்கிறது. கிழக்குக் காங்கோவில் எம்23 என்ற கிளர்ச்சிப் படைக்கு ருவாண்டா ராணுவம் துணை நிற்பதாக ஐநா நிபுணர்கள் மறுபடி மறுபடி எழுதினார்கள். 2025 ஜனவரியில் கோமா நகரும் பிப்ரவரியில் புகாவு நகரும் எம்23 கையில் விழுந்தன. கிகாலியின் சுத்தமான நடைபாதைக்கும் காங்கோவின் கனிமங்களுக்கும் தொடர்பு எவ்வளவு என்று கிகாலியில் யாரும் உரக்கக் கேட்க முடியாது. புருண்டி வீரர்களும் அந்தக் காங்கோவில்தான் இருக்கிறார்கள், எதிர்ப் பக்கத்தில்.

பேச்சுச் சுதந்திரத்தில் ஒரு காலத்தில் புருண்டி மேலே இருந்தது என்பது இன்று பலருக்கு மறந்துவிட்டது. போர் முடிந்த பத்தாண்டுகளில் புஜும்புராவின் தனியார் வானொலிகள் அமைச்சர்களின் ஊழலைப் பெயர் சொல்லிப் பேசின. மலைமேல் இருந்த விவசாயிகூட டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டார். அதே காலத்தில் ருவாண்டாவில் அப்படி ஒரு நிலையத்தை நினைத்துப் பார்க்கவே முடியாது. 2015 மே மாதக் கலவரத்தில் அந்த நிலையங்கள் தாக்கி எரிக்கப்பட்டன. இன்று இரண்டு நாடுமே வாயைக் கட்டித்தான் வைத்திருக்கின்றன. ஒன்றில் வயிறு கொஞ்சம் நிறைகிறது.

ஆகவே மலைச்சரிவில் அரை ஏக்கர் வைத்திருக்கும் ஒரு தாய் எங்கே பிள்ளை பெற்றுக்கொள்வது நல்லது என்று கேட்டால் ருவாண்டா என்று தயங்காமல் சொல்வேன். 2015இல் ருவாண்டாவின் மஹாமா அகதி முகாமுக்கு வந்து சேர்ந்த பல்லாயிரம் புருண்டிக் குடும்பங்களும் அந்தத் திசையில்தான் நடந்தன. ஆனால் பத்திரிகையில் எழுதிப் பிழைக்கும் ஒருவர் எங்கே இருக்கலாம் என்று கேட்டால், 2015க்கு முந்தைய புஜும்புரா என்பேன். அந்த ஊர் இப்போது இல்லை.

நடுவில் எல்லை. 2016இல் ருவாண்டாவுக்கு உணவுப்பொருள் அனுப்பக்கூடாது என்று புருண்டி தடுத்தது. 2024 ஜனவரியில், கிளர்ச்சிக்காரர்களுக்கு ருவாண்டா இடம் தருகிறது என்று சொல்லி எல்லையையே மூடியது. ருவாண்டா அதை மறுத்தது. தலையில் கூடை வைத்து எல்லை தாண்டிக் காய்கறி விற்று வந்த பெண்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. தங்கனீக்கா ஏரியில் ராத்திரி விளக்குக் கட்டிப் பிடிக்கும் 'இண்டகாலா' பொடிமீனை எல்லைக்கு அந்தப் பக்கம் விரும்பி வாங்கிச் சாப்பிட்டவர்களிடமும்தான்.