மண்டபத்தில் ஒரு மெடிக்கல்: ட்ரை சிரப்பைக் கோடு பார்த்துக் கலந்து கொடுக்கிறார்கள்

மெடிக்கல் ஷாப்புக்கெல்லாம் ரிவ்யூ எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை. போனோம், மாத்திரை வாங்கினோம், சில்லறைக்குப் பதில் சாக்லேட் வாங்கினோம், வந்தோம் என்று இருக்கிற இடம் அது. ஆனால் இந்தக் கடையில் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள், குழந்தைகளுக்கான ஆன்டிபயாடிக் பவுடர் பாட்டிலை, அதாவது ட்ரை சிரப்பை, நம் கண்ணெதிரிலேயே கலந்து கையில் கொடுக்கிறார்கள். அதற்காகத்தான் இவ்வளவு நீளம். கடைப் பெயர் போடவில்லை. "பேரெல்லாம் வேணாம் தம்பி, கூட்டம் வந்தா நான் ஒருத்திதான் கெடந்து அல்லாடணும்" என்று ஃபார்மசிஸ்ட் அக்கா சொல்லிவிட்டார். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்க் கடைத்தெரு, பச்சைப் பலகை, வாசலில் வேப்பமரம். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இது போதும்.

முதலில் எங்கள் வீட்டுக் கூத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பவுடரில் தண்ணீர் ஊற்றுவதற்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பீர்கள்.

வேதாளையில் இருக்கிறோம். நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். போன மழைக்காலத்தில் மகளுக்குக் காது வலி, அப்போது 4 வயது, ராத்திரி முழுக்க அழுகை. ராமநாதபுரம் கூட்டிப் போனோம். டாக்டர் பார்த்துவிட்டு அமாக்ஸிசிலினும் கிளாவுலனிக் ஆசிடும் சேர்ந்த சிரப் எழுதினார், காலையில் 5 மில்லி, இரவில் 5 மில்லி, 5 நாள். பக்கத்திலேயே ஒரு பெரிய மெடிக்கல், ஏசி, கண்ணாடிக் கதவு, பில்லுக்குத் தனி ஆள், மருந்துக்குத் தனி ஆள். மருந்து எடுத்துக் கொடுத்த பையன் இரண்டு பெட்டியைக் கவரில் போட்டு, "தண்ணி ஊத்திக் குலுக்கிக் குடுங்க" என்றான். எவ்வளவு தண்ணீர், எந்தத் தண்ணீர், எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம், எதுவும் கிடையாது. நானும் கேட்கவில்லை, பின்னால் வரிசை நின்றது, பிள்ளை தோளில் சிணுங்கிக்கொண்டிருந்தது.

வீட்டில் அம்மாதான் கலந்தார். கொதிக்க வைத்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே, அப்போதுதான் நன்றாகக் கரையும் என்று, பாட்டில் கழுத்து வரை ஊற்றிவிட்டார். 30 மில்லி பாட்டில் என்றால் நிறைய ஊற்றினால்தான் 30 மில்லி என்று எல்லோரும் நினைத்தோம். குலுக்குவதற்கு இடம் வேண்டும் என்பதற்காகவே பாட்டிலைப் பெரிதாகச் செய்கிறார்கள், லேபிள் ஓரத்தில் பொடியாக ஓர் அம்புக்குறி இருக்கும், தண்ணீர் அதுவரைதான். அந்த அம்புக்குறியை எங்கள் வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை. பாட்டில் 4 நாள் வந்தது. "பரவாயில்ல, கூட ஒரு நாளைக்கு வந்திருக்கு" என்று அம்மாவுக்குச் சந்தோஷம் வேறு.

ஆறாம் நாள் மறுபடி காது வலி, மறுபடி ராமநாதபுரம். டாக்டர் காதைப் பார்த்துவிட்டு, "ஒரு பாட்டில் எத்தனை நாள் வந்துச்சு?" என்று கேட்டார். நாலு நாள் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் பேனாவை எடுத்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். ஒரு நாளைக்கு 10 மில்லி, 30 மில்லி பாட்டில், 3 நாளில் தீர வேண்டும். 4 நாள் வந்திருந்தால் 30 மில்லி 40 ஆகியிருக்கிறது, ஒவ்வொரு வேளையும் பிள்ளைக்குக் கால் பங்கு மருந்து குறைவாகப் போயிருக்கிறது. வலி திரும்ப வந்தது இதனால்தான் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிற எனக்கு இந்தக் கணக்கு தோன்றவில்லையே என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு லாத்தா, "மண்டபத்துல ஒரு கடையில அவுகளே கலந்து தருவாக, அங்க போங்களேன்" என்றார்.

போனேன். சீட்டைக் கொடுத்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "பாப்பா எத்தனை கிலோ?" 14 என்றேன். சீட்டில் இருந்த அளவை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இரண்டாவது கேள்வி, "வீட்டுல ஃப்ரிட்ஜ் இருக்கா?" அப்புறம்தான் பெட்டியை எடுத்தார்.

அவர் கலக்குவதை ஒரு தடவை நின்று பார்க்க வேண்டும். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையில் நாலு தட்டு, அடியில் இறுகிக் கிடக்கிற பவுடர் உதிர்ந்து ஓட வேண்டும். பிறகு மூடியைத் திறந்து, பெட்டிக்குள்ளேயே வருகிற பிளாஸ்டிக் குப்பியின் தலையைத் திருகி, சுத்திகரித்த தண்ணீரில் பாதியை மட்டும் ஊற்றுகிறார். மூடிக் குலுக்குகிறார், நன்றாக, இளநீர்க்காரர் காயை ஆட்டிப் பார்ப்பது போல இல்லை, கை வலிக்கிற மாதிரி. அதன் பிறகு பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு அடுத்த ஆளுக்கு மாத்திரை எண்ணப் போய்விடுகிறார். எனக்குப் புரியவில்லை, மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். நுரை அடங்குவதற்காக வைத்திருக்கிறார்! நுரையோடு பார்த்தால் கோடு வரை வந்துவிட்ட மாதிரி தெரியும், அடங்கினால் கீழே இறங்கிவிடும். திரும்பி வந்து பாட்டிலைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, மீதித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அம்புக்குறி வரை விட்டு, மறுபடி குலுக்கி, மறுபடி பார்த்தார். மொத்தத் தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றினால் என்ன என்று கேட்டேன். அடியில் கட்டி தட்டிக்கொள்ளும், மேலே தண்ணியாக இருக்கும், முதல் இரண்டு நாள் பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணி, கடைசி நாள் மருந்து மொத்தமும் என்றார்.

வெந்நீர் விஷயத்தையும் சொல்லிவைத்தேன். முகத்தைச் சுளித்தார். இந்த மருந்தைத் தண்ணீரில் கரைத்தே விற்காமல் ஏன் பவுடராக விற்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பென்சிலின் குடும்பத்து மருந்துகளுக்குள் நாலு அணு சேர்ந்த ஒரு வளையம் இருக்கிறதாம், கிருமியைக் கொல்வதற்கு அதுதான் வேண்டும், தண்ணீர் பட்டதும் அது கொஞ்சம் கொஞ்சமாக உடையத் தொடங்குகிறது. சூடு இருந்தால் இன்னும் வேகமாக. கூடவே சேர்த்திருக்கிற கிளாவுலனிக் ஆசிட் அதைவிடச் சீக்கிரம் கெடும். அதனால்தான் கலந்த பிறகு ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், 7 நாள்தான் ஆயுள். எல்லாப் பவுடருக்கும் இதே கணக்கு இல்லை, மருந்துக்கு மருந்து மாறும், ஃப்ரிட்ஜே வேண்டாத மருந்தும் உண்டு, லேபிளைத்தான் பார்க்க வேண்டும். மீன் விஷயத்தில் ஐஸ் பற்றி எனக்கு எவ்வளவோ தெரியும், மருந்துக்கும் அதே கதைதான் என்று அன்றுவரை தோன்றியதில்லை.

லேபிளில் பால்பாயிண்ட் பேனாவால் கலந்த தேதியும் நேரமும், கீழே தூக்கிப் போட வேண்டிய தேதியும் எழுதி, அதன்மேல் செல்லோ டேப் ஒட்டிக் கொடுக்கிறார். டேப் எதற்கு என்றால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து எடுத்து வைக்கும்போது பாட்டில் வியர்த்து மை அழிந்துவிடுகிறது. எங்கள் ஊர் ஈரக் காற்றில் மூன்றாம் நாளே ஒன்றும் தெரியாது. இதை யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை, ஆனால் இந்த ஒரு டேப்புக்கே முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

இன்னொன்று. 5 நாளைக்கு இரண்டு பாட்டில் வேண்டும் என்றாலும் அவர் ஒன்றைத்தான் கலந்தார். இரண்டாவதைப் பவுடராகவே கொடுத்து, "இது தீந்ததும் எடுத்துட்டு வாங்க, கலந்து தர்றேன். நடுவுல டாக்டர் மருந்த மாத்திட்டா பிரிக்காத பாட்டில நான் திருப்பி எடுத்துக்குவேன்" என்றார். மூன்றாம் நாள் இரவோடு முதல் பாட்டில் சரியாகத் தீர்ந்தது. அடியில் ஒரு வேளைக்குக்கூட மிச்சம் இல்லை. அம்மாவிடம் காட்டினேன், "அப்ப அன்னைக்கு நான்தான்..." என்று பாதியில் நிறுத்திவிட்டார். பாவம், எழுதிக் கொடுத்திருந்தால் அம்மா அந்தக் கோட்டில் ஒரு சொட்டுக்கூட மீறியிருக்க மாட்டார்.

பிறகு பலமுறை போயிருக்கிறேன். இந்த வருஷம் தடைக்காலத்தில், ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாதே, கம்பெனியில் ஐஸ் வேலையும் குறைவு, அப்போது மாமா வீட்டுப் பையனுக்கு மருந்து வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு நாட்டுப்படகுக்காரர், பேரனுக்கு இதே சிரப். ஃப்ரிட்ஜ் இல்லை. "ஐஸ்பெட்டி இருக்கு தாயி, கட்டி மேல வச்சுக்கிறவா?" என்று கேட்டார். "வேணாம்ணே, உறைஞ்சு போகும். உறைஞ்சாலும் கெட்டதுதான்." "அப்ப மண்பானைத் தண்ணிக்குள்ள?" அதற்கும் இல்லை என்றார் அக்கா. பானை வெளியே கசிந்து காற்றில் காய்ந்தால்தான் உள்ளே குளிரும், கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம், 8 டிகிரியெல்லாம் கனவு. தானாக மருந்தை மாற்றிக் கொடுக்கவும் மாட்டார். சீட்டில் இருந்த நம்பருக்கு டாக்டரைக் கூப்பிட்டுப் பேசி, அவர் ஃப்ரிட்ஜ் தேவைப்படாத வேறு மருந்து சொன்ன பிறகுதான் பெட்டியை எடுத்தார். இதற்குள் இருபது நிமிஷம் போய்விட்டது, பின்னால் ஐந்து பேர் முணுமுணுத்தார்கள், அதில் நானும் ஒருவன்.

சரி, குறைகளுக்கு வருவோம். வேகம் கிடையாது. தள்ளுபடி கிடையாது, மற்ற இடங்களில் பத்து சதவீதம் என்று போர்டே வைத்திருக்கிறார்கள், இங்கே அச்சடித்த விலைதான். மதியம் ஒன்றரைக்கு ஷட்டரை இறக்கினால் நாலரைக்குத்தான் திறப்பு, குழந்தைக்குக் காய்ச்சல் மதியத்தில் வராதா என்ன? ஞாயிற்றுக்கிழமை அக்கா வர மாட்டார், அவர் அண்ணன் மகன் உட்கார்ந்திருப்பான், நல்ல பையன்தான், ஆனால் ட்ரை சிரப் கேட்டால் "நாளைக்கு அத்தை வந்து கலந்து தருவாங்க" என்று அனுப்பிவிடுவான். தெரியாமல் கலப்பதற்கு இது மேல் என்றாலும், அன்றைக்கு மருந்து வேண்டியவன் எங்கே போவான்? உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை.

சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் தர மாட்டார் என்று ஊரில் சிலருக்குக் கோபம் உண்டு. போன தடவை எழுதியதுதான், அதே மருந்துதான் என்று பழைய பாட்டிலைக் காட்டிக் கெஞ்சுகிறவர்களையும் திருப்பி அனுப்புகிறார். செஃபிக்ஸிம் மாதிரி மருந்துக்குத் தனி ரெஜிஸ்டரில் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எவ்வளவு கொடுத்தார் என்று எழுதுகிறார். 2014-இல் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணை விதி அது, 3 வருஷம் அந்த ரெஜிஸ்டரை வைத்திருக்க வேண்டும். எல்லாக் கடையும் எழுத வேண்டியதுதான், எழுதி நான் பார்த்தது இங்கேதான். இதைக் குறையாகச் சேர்ப்பதா நிறையாகச் சேர்ப்பதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், காய்ச்சலோடு நிற்கும்போது எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது.

5-க்கு 4 கொடுக்கிறேன், குறைத்த ஒன்று மதியப் பூட்டுக்கு. போகிறவர்கள் மாலை 5 மணி வாக்கில் போங்கள், 6 மணிக்கு மேல் கூட்டம். குழந்தையின் எடையைத் தெரிந்துகொண்டு போங்கள், கட்டாயம் கேட்பார். மருந்து ஊற்ற வீட்டு ஸ்பூன் போதும் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள், பாட்டில் மூடியில் இருக்கிற 2.5, 5 கோடுகளை வைத்து ஒரு பாடமே நடக்கும், உங்களுக்குப் பின்னால் நானும் நின்றுகொண்டிருப்பேன்.