ஊரில் எடுத்த ஏ.எம்.எச். ரிப்போர்ட்டும் தூங்காத ஓர் இரவும்

சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்று ஒரு ஹார்மோனின் அளவை வைத்துக் கணிக்கும் ரத்தப் பரிசோதனைதான் ஏ.எம்.எச். இந்தத் தடவை லீவில் அதை ஊரிலேயே எடுத்தேன். இங்கே வெளிநாட்டில் டாக்டரைப் பார்க்கவே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அங்கே காலையில் ரத்தம் கொடுத்தால் மாலையில் ரிப்போர்ட். அந்த வேகத்துக்காகவே எனக்கு ஊர் பிடிக்கும்.

ரிப்போர்ட்டில் 0.8. ஆறு மாதம் முன்பு இங்கே எடுத்தபோது 5.7. கவுன்டரில் இருந்த பெண், இத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது, "முட்டை ரொம்பக் கம்மியா இருக்கு மேடம்" என்று சொல்லிக் கவரை நீட்டிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். எனக்கு 34 வயது. ஆறே மாதத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டதா? இரவெல்லாம் அழுதேன். "நம்ம வீட்ல யாருக்கும் இப்படி இல்லையேம்மா" என்று அம்மாவும் கூடவே அழுதார். இங்கே என்றால் ரிசப்ஷனில் யாரும் ரிசல்ட்டைப் பற்றி வாயே திறக்கமாட்டார்கள்.

மறுநாள் பார்த்த வயதான பெண் மருத்துவர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, எண்ணை விட்டுவிட்டு அலகைத் தொட்டுக் காட்டினார். இங்கே எடுத்தது பிகோமோலில், ஊரில் எடுத்தது நானோகிராமில். "நானோகிராமை பிகோமோலா மாத்த, 0.8-ஐ 7.14-ஆல் பெருக்கும்மா" என்றார். 5.7! ஒரு துளிகூடக் குறையவில்லை.

முட்டை இருப்பு குறைவுதான், அதை அவர் மறைக்கவில்லை. சினைப்பையில் ஆபரேஷன் ஏதாவது நடந்ததா என்று கேட்டார். நான்கு வருடம் முன்பு சாக்லேட் சிஸ்ட் (சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய கட்டி) எடுத்ததைச் சொன்னேன். கட்டியோடு நல்ல திசுவும் கொஞ்சம் போயிருக்கலாம் என்றார். இங்கே யாரும் இதைக் கேட்டதே இல்லை. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம் வரை இருக்கும் முட்டைகள் குறையத்தான் செய்யும், மாத்திரையால் கூட்ட முடியாது. ஆனால் ஏ.எம்.எச். எண்ணிக்கையைத்தான் சொல்லும், ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் குழந்தை) சிகிச்சையின் ஊசிக்கு எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க அது உதவும். தரம் பெரும்பாலும் வயதைப் பொறுத்தது. தானாகக் கருத்தரிக்க மாதம் ஒரு நல்ல முட்டை போதும். "பயப்படாதே, ஆனா தள்ளிப் போடாதே" என்றார்.

அப்புறம் மாதவிடாயின் இரண்டாம் நாள் ஸ்கேன் எடுத்தோம். இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு ஃபாலிக்கிள், அதாவது முட்டை வளரும் சின்னப் பைகள். இங்கே அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் கொண்டுபோகும் ஃபைலின் முதல் பக்கத்தில் எல்லா எண்களையும் அலகோடு எழுதி வைத்திருக்கிறேன்.